மேலே கட்டிய இரண்டு நிலைகள்

என்னிடம் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நம்ம நாட்டுல நிலநடுக்கமே வராதே, அப்புறம் நீங்க என்னதான் பாடம் நடத்துறீங்க?" கல்யாண வீட்டில் கேட்பார்கள், கருமாதி வீட்டிலும் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொறுமையாக விளக்கினேன். பிறகு, "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறேன், போதுமா?" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன். எனக்குப் பொறுமை போதாது என்று எங்கள் குடும்பத்தில் எல்லாரும் சொல்வார்கள். பொறுமையாக இருந்தவர்கள் என்னத்தைக் கிழித்தார்கள் என்று நானும் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

நான் கட்டுமானப் பொறியியல் பேராசிரியர். நிலம் ஆடும்போது கட்டடம் விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் என் படிப்பு, என் பிழைப்பு. எங்கள் கோலசிலாங்கூர் பக்கம் பூமிக்கு அடியில் பெரிதாக எதுவும் உடைவதில்லை, உண்மைதான். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ரா இருக்கிறது. அங்கே உடைந்தால் இங்கே வந்து சேரும். வேகமாக நடுங்கும் அதிர்வுகள் வழியிலேயே செத்துப்போகும். மெதுவாக ஆட்டும் அலைகள் சாகாமல் கடலைத் தாண்டி வரும். பாறை மேல் கட்டிய வீட்டுக்காரருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எங்கள் பக்கத்துக் களிமண்ணோ அதை வாங்கி இன்னும் பெரிதாக்கி, உயரமாக நிற்பதைப் பிடித்து ஆட்டும்.

இதை நான் முதலில் தெரிந்துகொண்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது உயரமான ஓர் அடுக்குமாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரு நாள் மதியம், காற்றே இல்லாமல், கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் ஒரே தாளத்தில் ஆடியது. கூட இருந்த பெண்கள் அலறிக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள். நான் ஓடவில்லை. தைரியம் ஒன்றுமில்லை, கால் வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்து கேட்டால், தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "நீ சாப்பிட்டியா இல்லியா? தலை சுத்தியிருக்கும்" என்றார் அப்பா. மரப்பலகை வீடு, தரையோடு தரையாக இருந்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் ஏன் ஆடியது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஜப்பான் வரை போய்ப் படித்துவிட்டு வந்தேன்.

வேலை என்னவென்றால், உடைப்பது. ஆய்வுக்கூடத்தில் ஓர் இரும்பு மேடை இருக்கிறது. அதன்மேல் சின்னச் சின்னக் கட்டடங்களைக் கட்டி, அவை உடையும் வரை ஆட்டுவோம். மாணவர்கள் ரசித்துப் பார்ப்பார்கள், கைதட்டுவார்கள். நான் தட்டுவதில்லை. உடைவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பூச்சில் முடி மாதிரி ஒரு கீறல் விழும். பிறகு தூள் உதிரும். சத்தம் கடைசியில்தான் வரும். சத்தம் வந்த பிறகு ஓடுவதற்கு நேரம் இருக்காது.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் அப்பா புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு தோட்டத்தில் மண்டோர், கூலிகளுக்கு மேற்பார்வையாளர். எனக்கு ஒரே அண்ணன். பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னைக் கிண்டல் செய்தவனைச் சாக்கடையில் தள்ளிவிட்டு வந்து, "அவனே வழுக்கி விழுந்துட்டான்பா" என்று அப்பாவிடம் கண் இமைக்காமல் சாதித்தவர். லோரி ஓட்டி, பிறகு சொந்தமாக லோரி வைத்து, பிள்ளைகளைக் கரையேற்றி ஓய்ந்தவரை, தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவராக்கிவிட்டார்கள். அதே சமயம் தோட்டம் கைமாறியது. செம்பனையை வெட்டிச் சாய்த்துவிட்டு வீடுகள் கட்டப் போவதாகச் சொல்லி, கோயிலை இடம் மாற்றச் சொன்னார்கள். அண்ணன் யார் யார் வாசலிலோ நின்று, கெஞ்சி, சண்டை போட்டு, ரோட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார். முன்பு தண்ணீர் தேங்கிக் கிடந்த சதுப்பு நிலம். ஆனாலும் நிலம். அம்மனைத் தூக்கிக்கொண்டு அந்த நிலத்துக்கு நடந்த அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். அந்த மனிதனை நான் எப்படிக் குறை சொல்வேன்?

புதுக் கோயிலுக்கு மூன்று நிலை ராஜகோபுரம் என்று முடிவானது. நிலை என்றால் கோபுரத்தின் அடுக்கு. எங்கள் பக்க வழக்கப்படி பாக்காவ் என்கிற சதுப்புமரக் கட்டைகளைக் களிமண்ணில் அடித்து இறக்கி, அதன்மேல் அஸ்திவாரம் போட்டார்கள். வரைபடத்தை அண்ணன் என்னிடம் காட்டினார். மூன்று நிலைக்கு அது போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

அஸ்திவாரம் இறுகியதும் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. எட்டுத் திசைக்கும் போய்ச் சிதறிய தோட்டத்துப் பிள்ளைகள், புக்கிட் செந்தோசாவில் இருப்பவர்கள், கிள்ளானில் இருப்பவர்கள், எல்லாரும் நன்கொடை அனுப்பினார்கள். அந்த வட்டாரத்தில் இன்னொரு கோயிலும் மூன்று நிலை எழுப்பிவிட்டது. அதே அளவா நமக்கும்? ரோட்டில் போகிறவன் நிமிர்ந்து பார்க்க வேண்டாமா? கூடக் கொஞ்சம் உயர்த்தலாம் என்றால் நான்கு ஆகாது. கோபுர நிலை ஒற்றைப்படையில்தான் இருக்கவேண்டும். அதனால் ஐந்து! அஸ்திவாரம் என்னவோ அதே அஸ்திவாரம். போதாததற்கு ரதம் உள்ளே நுழையவேண்டும் என்று வாசலை அகலப்படுத்தி, பக்கச் சுவர்களை எடுத்துவிட்டு, மொத்தப் பாரத்தையும் நான்கு தூண்களின் தலையில் ஏற்றினார்கள்.

கேள்விப்பட்ட உடனே கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. மேசையில் தேநீரும், கடல்பாசியில் செய்த ஒரு தட்டு அகார் அகாரும் இருந்தன. கணக்கெல்லாம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள் என்று தெரியும். சாமி மேடையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, கொழகொழவென்றிருந்த ஓர் அகார் அகார் துண்டின் மேல் படுக்கவைத்துத் தட்டை ஆட்டினேன். பெட்டி அசைந்தது, விழவில்லை. "இது மூணு நிலை" என்றேன். அதையே நிமிர்த்தி நிற்கவைத்து ஆட்டினேன். குப்புற விழுந்தது. "இது அஞ்சு நிலை. கீழ இருக்கிறது நம்ம மண்ணு."

பொருளாளர் எட்டி அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லா கெட்டியாத்தானே இருக்கு லா" என்றார். அறையே குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "பாப்பா, வேற இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுட்டாரு. எல்லாம் சரியாத்தான் இருக்கும். மேல அம்மா இருக்கா, அவ பாத்துக்குவா."

"அம்மாவுக்குக் கம்பிக் கணக்குத் தெரியுமாண்ணே?"

அப்படிக் கேட்டிருக்கக்கூடாது என்று எல்லார் முகமும் சொன்னது. கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எழுந்து வந்துவிட்டேன்.

கும்பாபிஷேகத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, அண்ணன் மேலே ஏறப்போகிறார். உச்சியில் குருக்கள்மார், கலசம், கமிட்டிக்காரர்கள், அவர்களுக்கு நடுவில் என் அண்ணன், தலையில் பரிவட்டத்தோடு. கீழே மைதானம் கொள்ளாத கூட்டம். தீர்த்தம் ஊற்றியதும் எல்லாரும் கையை உயர்த்திக் கூவினார்கள். நான் தூண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சாமியப் பாக்காம தூணப் பாக்குறா பாரு" என்று யாரோ ஒரு பெரியம்மா முணுமுணுத்தது காதில் விழுந்தது. அண்ணன் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் எனக்கு அதே பாட்டுத்தான். "என்ன புரொபசர், கோபுரம் இன்னும் நிக்குதே லா!" பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் கத்திரிக்காய் விற்பவர்கூடக் கேட்டார். "நிக்கும், ஆடுற வரைக்கும் நிக்கும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மூன்று பச்சை மிளகாயைக் கொசுறாகப் போட்டார். சிரிப்பு எனக்கும் வந்தது. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

அது வந்தது ஒரு வேலை நாளில், சாப்பாட்டுக்குப் பிந்திய நேரத்தில். பல்கலைக்கழகத்தில் என் அறை மேல் மாடியில் இருக்கிறது. மேசையிலிருந்த போத்தலில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு மறு பக்கம். சன்னல் திரையின் மணிக்கயிறு சுவரில் தட்டிக்கொண்டே இருந்தது. சுமத்ரா. எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மாணவர்களைப் படிவழியாக இறக்கிவிட்டு, வெயிலில் நின்றுகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இங்க ஒண்ணும் இல்ல பாப்பா. சும்மா லேசா தலை சுத்துன மாதிரி. நீ உன் வேலையைப் பாரு."

குரலில் அவசரம் இருந்தது. என் அண்ணன் பொய் சொல்லும்போது அவசரப்படுவார்.

அந்த வார இறுதியில் நேரே கோயிலுக்குக் காரை விட்டேன். முன்வாசல் தூண்களைச் சுற்றிச் சாரம் கட்டி நீலப் படுதா போட்டிருந்தது. உள்ளே சுதைவேலைக்காரர்கள் புதுப்பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள். கும்பாபிஷேகம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இப்போது என்ன பூச்சு? படுதாவை விலக்கினேன். இன்னும் பூசாமல் இருந்த ஒரு தூணின் தலையில், மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கீறல் ஓடியது. அதை வெட்டிக்கொண்டு இன்னொன்று. என் இரும்பு மேடையில் எத்தனையோ முறை பார்த்த கீறல்தான். அடுத்து என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம்.

அண்ணன் ஓடிவந்து படுதாவை இழுத்து மூடினார்.

"பூச்சுதான் வெடிச்சிருக்கு. ஊரக் கூட்டாத."

"பூச்சு இல்லண்ணே, தூணு வெடிச்சிருக்கு. இந்த வாசல மூடுங்க. இன்னிக்கே மூடுங்க."

"வாயக் கழுவு! கோயில் வாசல மூடச் சொல்றியா? உடைக்கிற வேலைய உன் யூனிவர்சிட்டியோட வச்சுக்க."

அண்ணன் என்னை அப்படி ஒருநாளும் பேசியதில்லை. நானும் விடவில்லை. "யாராவது செத்தா உங்க கமிட்டி உயிரக் குடுக்குமா?" என்று சுதைவேலைக்காரர்கள் முன்னாலேயே கத்திவிட்டு வந்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டேன். வந்து பார்த்தார்கள். அதற்குள் பூச்சு காய்ந்து, சந்தன நிறச் சாயமும் அடித்தாகிவிட்டது. தட்டி உடைத்துப் பார்க்கக் கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பதாகவும் கவனித்து வருமாறும் சொல்லிவிட்டுப் போனார்கள். கவனிக்கிற வேலையை நானே செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அர்ச்சனைத் தட்டோடு போவேன். கும்பிடுகிற மாதிரி, கீறல் விழுந்த அந்தத் தூணருகே நிற்பேன். அடியில் தரையில் சிமெண்டுத் தூள், அரிசிமாவு சிந்தியது போலக் கொஞ்சம். காலையில் கூட்டிவிடுவார்கள், அடுத்த முறை போனால் மறுபடியும் இருக்கும். அங்கேதான் பெண்கள் உட்கார்ந்து பூ கட்டினார்கள். பலூன் விற்பவனும் நிழலுக்காக அங்கேயே நின்றான், அவனைச் சுற்றிப் பிள்ளைகள். "இங்க நிக்காதீங்க, அந்தப் பக்கம் போங்க" என்று சொல்லிப் பார்த்தேன். போவார்கள். நான் தலை மறைந்ததும் திரும்ப வந்துவிடுவார்கள். சுமத்ராவில் எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இனி பெரிதாக வரவேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆடித் திருவிழா வந்தது. அண்ணி ஒரு மஞ்சள் புடவையைக் கொடுத்தனுப்பி, "உங்க அண்ணனுக்காக இல்ல, எனக்காக வாங்க" என்று சொல்லியிருந்தார். உடுத்திக்கொண்டு போனேன். பால்குட ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டு, ரோட்டு முனையில் வந்துகொண்டிருந்தது. உறுமி மேளம் காதைப் பிளந்தது. பின்னால் ரதம். எல்லாரும் கோபுர வாசல் வழியாகத்தான் உள்ளே நுழையவேண்டும். வாசல் அப்போது வெறிச்சோடிக் கிடந்தது.

அண்ணன் தன் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் காரிலிருந்து இறக்கினார். கோபுர வாசல் பத்தடி தூரம்கூட இல்லை. அவரோ பிள்ளைகளின் கையைப் பிடித்து, மதிலைச் சுற்றி, சமையல்கூடத்துப் பக்கம் இருந்த சின்னக் கதவுக்கு நடத்திக்கொண்டு போனார். "அந்தப் பக்கம் கூட்டம் லா, பிள்ளைங்க நசுங்கிடும்" என்று மருமகளிடம் சொல்வது கேட்டது. கூட்டமே இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். அப்படியானால் அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது.

பிள்ளைகள் உள்ளே போனதும் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "உங்க பேரப்பிள்ளைக்கு ஒரு வாசல், ஊரான் பிள்ளைக்கு ஒரு வாசலா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊரையே கூட்டிக் கட்டுனேன் பாப்பா. லோரி ஓட்டுறவன், ஆயாம்மா வேலை பாக்குறவ, எல்லாரும் குடுத்தாங்க. இப்ப எந்த வாயால இடின்னு சொல்லுவேன்? என் பிள்ளைங்களத்தான் என்னால திருப்ப முடியும்."

பாவி! என்று என் வாயில் வந்தது. என் கூடப் பிறந்தவரைப் பார்த்துத்தான் சொன்னேன். உறுமிச் சத்தம் வாசலை நெருங்கிவிட்டது. நான் ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை, கொண்டை அவிழ்ந்து முடி முதுகில் விழுந்தது. வாசல் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்று, என் தொண்டை கிழியக் கத்தினேன். "நில்லுங்க! ஒருத்தரும் இந்த வாசல்ல காலு வைக்கக்கூடாது!"

முதல் வரிசைப் பெண்கள் பால்குடத்தோடு அப்படியே நின்றார்கள். ஒருத்தி கண்ணை அகல விரித்தாள். "அம்மா வந்துட்டா!"

குலவைச் சத்தம் எழும்பியது. யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வேப்பிலையோடு என் தலையில் ஊற்றினார்கள். "எனக்கு ஒண்ணும் வரல! நான் புரொபசர்! தூணு வெடிச்சிருக்கு!" என்று கத்தினேன். நான் கத்தக் கத்த உறுமிக்காரன் இன்னும் வேகமாக அடித்தான். கோபத்தில் என் உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்து இன்னும் நாலு பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். பொருளாளர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாக்குழற, "தாயே, என்ன குறை வச்சோம்?" என்றார். எத்தனை வருடப் படிப்பு, எத்தனை கட்டுரை, எத்தனை மேடை! ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவிரி கோலமாக நின்றால் ஊரே கை கட்டி நிற்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. அதற்கும் குலவை போட்டார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். கையில் விபூதித் தட்டு. என் மேல் எந்தச் சாமியும் வரவில்லை என்று அந்த ஊரில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். 'ஏய், என் தங்கச்சிக்குக் கோபம், வேற ஒண்ணும் இல்ல, வழி விடுங்க' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரதம் உள்ளே போய்விடும். நான் அவர் கண்ணையே பார்த்தேன். அவர் வந்து என் நெற்றியில் விபூதியை அழுத்திப் பூசினார். காதருகே குனிந்தார்.

"சத்தமாச் சொல்லு பாப்பா. கடைசில நிக்கிறவனுக்கும் கேக்கணும்."

பிறகு இரண்டடி பின்வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி, "தாயே, நாங்க என்ன செய்யணும்?" என்றார்.

"மேல ரெண்டு நிலையையும் இறக்குடா!" என்றேன். "இறக்குற வரைக்கும் ஒரு புள்ள காலு இங்க படக்கூடாது!"

அண்ணனை நான் அதற்கு முன் ஒருநாளும் டா போட்டதில்லை. உறுமி நின்றது. ரதத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள் என்று பொருளாளர் கூவினார். பால்குடங்கள் ஒவ்வொன்றாக மதிலைச் சுற்றித் திரும்பின. அண்ணன் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக என் காலடியில் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நேர் மேலே ஐந்து நிலையும் அப்படியே இருந்தன.

நான் குனிந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். "அப்புறம் அழுவலாம்ணே. மொதல்ல வெளிய வாங்க."